வாசலில் வெள்ளை வண்டி

வண்டியக்காவின் வெள்ளை வண்டி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அங்கே பேச்சு நின்றுவிடும். ஜன்னல் திரைகள் ஒதுங்கும். மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்ப்பார்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும் அல்லவா? மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, வண்டி தங்கள் வாசலைத் தாண்டியதும் மூச்சு விடுவார்கள். அப்படிப் பேர் எடுத்த வண்டி அது.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது சோறும் பருப்பும் சூப்பும்தான். துக்க வீடுகளுக்குச் சமைத்து எடுத்துப்போய்ப் பரிமாறுவது வண்டியக்காவின் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் வண்டியக்காதான்.

ஒருமுறை அவள் புருஷன், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், மெக்கானிக் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கு உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷன். அவன் வெளியே வருவதற்குள் எதிர்வீட்டுக்காரர் பூவும் கையுமாக வந்துவிட்டார். கதவைத் திறந்தது மெக்கானிக்கேதான். வந்தவர் பேயறைந்த மாதிரி நின்று, பூவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். அன்று சாயங்காலமே மெக்கானிக் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பு முழுவதையும் பரிசோதித்துக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

இந்தத் தொழில் யாரும் உட்கார்ந்து யோசித்து ஆரம்பித்ததல்ல. வண்டியக்கா பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், எதிர் ஃபிளாட்டில் தனியாக இருந்த டீச்சர் இறந்துபோனார். வெளியூர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அந்தச் சமையலறையில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இவள் கீழ்வீட்டில் ஒரு பெரிய அண்டாவைக் கேட்டு வாங்கி, காய்கறிகளை மசிய வேகவைத்து ஒரு சூப் வைத்தாள். கூடவே கொஞ்சம் குழைவாகச் சோறும் பருப்பும். அழுது அடைத்த தொண்டையில் கெட்டியாக எதுவும் இறங்காது. அவளுடைய அம்மா போனபோது அவளுக்கு இறங்கவில்லை, அதனால் தெரியும்.

டீச்சரின் மகன் அதை மறக்கவில்லை. அவனுடைய ஆபீசில் ஒருவரின் அப்பா இறந்தபோது இவளைத்தான் கூப்பிட்டான். அங்கே சாப்பிட்டவர்கள் வேறு வீட்டுக்குச் சொன்னார்கள். பால் கம்பெனியில் ஓட்டுநராக இருந்த புருஷன், கம்பெனி கழித்துக்கட்டிய வெள்ளை வண்டியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்தான். ஒரு ஹாஸ்டலில் சமைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கரண்டியோடு வந்து சேர்ந்தாள். மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை வாடகைக்குப் பிடித்து அடுப்புகளை வைத்தார்கள். தரையில் இருந்த மைக்கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை. வேலைதான் தலைக்கு மேல் இருந்தது, மை போனால் என்ன, இருந்தால் என்ன?

துக்க வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வண்டியக்காவுக்கு ஆரம்பத்தில் இருந்தது. எவ்வளவு பெரிய தப்பு! ஒவ்வொரு துக்க வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். மூன்றாம் முறை தட்டை நீட்டி, “அண்ணனுக்கு இதுன்னா உயிர், அவருக்காகத்தான் சாப்பிடறேன்” என்பார். கடைசியில் இனிப்பு இல்லையா என்று காதோடு காதாகக் கேட்பதும் அவர்தான்.

நாளாக நாளாக அவர்களுக்கென்று ஒரு முறை உண்டானது. சத்தம் கூடாது. கரண்டிகளின் காம்பிலும் விளிம்பிலும் துணி சுற்றியிருக்கும், பாத்திரத்தில் பட்டால் கேட்காது. தள்ளுவண்டிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாருக்கும் ரப்பர் செருப்பு. “இன்னும் வேணுமா” என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கண்ணால்தான் கேட்க வேண்டும். காரம் மட்டு. ஏற்கெனவே கலங்கியிருக்கிற கண்ணுக்கு மிளகாய் எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு வழக்கம் இருந்தது, அது வண்டியக்காவே வைத்துக்கொண்டது. எந்த வீட்டிலும் சாப்பிடாத ஒரு ஆள் இருப்பார். கூட்டத்தில் இருக்க மாட்டார். பின்கட்டிலோ மாடிப்படியிலோ கட்டிலின் அந்தப் பக்கத்திலோ உட்கார்ந்திருப்பார். பந்தி பாதி நடக்கும்போது அவள் ஒரு கிண்ணத்தில் சூப்பை எடுத்துக்கொண்டு அந்த ஆளைத் தேடிப் போவாள். ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பாள். அவ்வளவுதான்.

போனில் கூப்பிடுகிறவர்கள் முதல் வார்த்தையிலேயே தடுமாறுவார்கள். அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு வைக்க வேண்டாமென்று, போனை எடுத்ததும் அவளே தணிந்த குரலில், “சொல்லுங்க, எப்ப எடுக்கறாங்க?” என்று கேட்டுவிடுவாள். பதிலுக்கு நேரத்தைச் சொன்னால் போதும். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மனசு நன்றாக இல்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போனால், வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே குழந்தையை உள்ளே எடுத்துப் போனார்கள். கடைத்தெருவில் கண்டால், சாவு வீட்டில் அவள் தோளில் சாய்ந்து அழுதவர்களே வேறு பக்கம் பார்த்தார்கள். கூடப் பிறந்த தங்கைகூட, வீட்டுக்கு வருவதாக இருந்தால் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள். போன வருஷம் தங்கை மகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு வேறு ஆளிடம் போயிற்று. தங்கை மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். “தப்பா எடுத்துக்காதக்கா. எங்க மாமியார் ஒரு மாதிரி நினைப்பாங்க.” வண்டியக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வந்து, அச்சகத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்தாள். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

ஒரே ஒரு முறை, சிரிப்புச் சத்தம் கேட்கிற வீடு ஒன்று தன்னைக் கூப்பிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

கூப்பிட்டது. கூப்பிட்டவர் ஒரு தையல்காரர். அவருடைய தம்பி இறந்தபோது இவர்கள்தான் சமைத்தார்கள். அச்சகத்து வாசலில் வந்து நின்றவரின் முகத்தைப் பார்த்ததுமே வண்டியக்கா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் போய், “எப்ப எடுக்கறாங்க?” என்றாள்.

தையல்காரர் பதறிப்போனார். “ஐயோ, யாரையும் எடுக்கலம்மா. பொண்ணுக்குக் கல்யாணம்.”

அவர் ஒளிவு மறைவு இல்லாத மனுஷர். பேசி வைத்திருந்த சமையல்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார், ஊரெல்லாம் அலைந்தாகிவிட்டது, வேறு யாரும் கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் இவர்கள் யார் என்று தெரிய வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் ரோஷம் வந்திருக்கும். வண்டியக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஏற்பாடுகளைக் கேட்கவே வேண்டாம். காரமும் எண்ணெயும் தாராளமாக இருக்க வேண்டும், கேக் இருக்க வேண்டும், பழம் இருக்க வேண்டும். சூப் மட்டும் கூடவே கூடாது, சூப் என்றால் ஊரே கண்டுபிடித்துவிடும் என்று நாத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். வண்டியில் பலூன் கட்டலாம் என்றான் புருஷன். அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே அடங்கியது. மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் பின்வழியாகக் கொண்டுபோவதென்று முடிவானது. பரிமாறுகிறவர்கள் நான்கு பேரையும் நிறுத்திவைத்துச் சிரிக்கப் பழக்கினாள். அவர்களில் நெட்டை என்று பெயர் வாங்கியவன் முன்பு காவலாளியாக இருந்தவன். அவன் சிரித்ததைப் பார்த்து நாத்தனார் ஒரு அடி பின்னால் போனாள். “நீ மட்டும் சும்மா இரு, அது போதும்” என்று அவனுக்குச் சலுகை கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் வண்டியக்கா அச்சகத்துக்குள் நுழைந்தபோது, காய்கறியும் மிளகும் கலந்த அந்த வாசனை அவளை வாசலிலேயே நிறுத்தியது. பெரிய அண்டா நிறையச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “அண்ணி, சத்தியமா எனக்கே தெரியாது. வந்ததும் அடுப்பைப் பத்த வெச்சேன், கை பாட்டுக்கு வெச்சிடுச்சு.” திட்டவும் முடியவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் முதல் வேலையாகச் செய்கிற காரியம், கைக்கு என்ன தெரியும் கல்யாணமா கருமாதியா என்று! கொட்ட மனசு வராமல் அதையும் மூடி எடுத்துக்கொண்டார்கள். வண்டியிலேயே இருக்கட்டும், சாயங்காலம் நாமே குடித்துக்கொள்ளலாம் என்றாள் வண்டியக்கா.

மண்டபம் ஜேஜே என்று இருந்தது. திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரி வர வேண்டும், கையெழுத்து ஆனதும் பந்தி என்று ஏற்பாடு. அதிகாரி வரவில்லை. இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று தையல்காரர் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். வழியில் எங்கோ பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம், அதிகாரியின் கார் நடுவில் மாட்டிக்கொண்டதாம். வெயில் ஏறியது. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. வயசானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையெழுத்தாகாமல் பந்தி போடக் கூடாது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பெரிய தொண்டைக்காரர், ரகசியம் பேசினாலே வாசல் வரை கேட்கும்.

தையல்காரர் பின்பக்கத்துக்கு ஓடிவந்து வண்டியக்காவின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பந்தி வேண்டாம், சும்மா குடிக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா, சூடாக எது இருந்தாலும் பரவாயில்லை என்றார். வண்டியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள். புருஷன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சூப் வந்தது. கிண்ணங்கள் வந்தன. எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். கரண்டிகளில் சுற்றிய துணியைப் பிரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிப்புப் பயிற்சி எடுத்த நான்கு பேரும் சூப் வாசனை மூக்கில் ஏறிய நிமிஷமே பழைய ஆட்களாகிவிட்டார்கள். தலை குனிந்தது. ரப்பர் செருப்புகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. தள்ளுவண்டி கிரீச்சென்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாலேயே கேட்டு, கண்ணாலேயே பதில் வாங்கி, வரிசை வரிசையாகக் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பக்கமெல்லாம் பேச்சுத் தானாகத் தணிந்தது. ஜேஜே என்றிருந்த மண்டபத்தில் கடைசியில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

வண்டியக்கா தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்மணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், “இத எங்கயோ குடிச்சிருக்கேனே” என்றாள். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எங்கே, எங்கே என்று அந்தக் கேள்வி வரிசை தாண்டிப் போயிற்று. யோசித்துக்கொண்டே வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஒருவருக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கும், ஒருவருக்கு மனைவி. இந்த ஊரில் யாரையும் பறிகொடுக்காத வீடு எது?

பெரியப்பாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. கிண்ணத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். “இது சாவு வீட்டு சூப்புல்ல? அந்த வெள்ளை வண்டிக்காரங்களா வந்திருக்காங்க?”

மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் இருந்த பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் எங்கேயாவது போய்விட்டால் தேவலை என்று வண்டியக்காவுக்கு இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, தன் தலையில் மட்டுமா மண் விழுந்தது, இந்த நல்ல மனுஷரின் தலையிலும் அல்லவா போட்டுவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். பெரியப்பா யாரையோ தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் தேடுகிறார், அவள் ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணமே நின்றுவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வண்டியக்கா பின்பக்கம் போகத் திரும்பினாள். போகிற வழியில் ஒரு சிறிய அறை. நாற்காலிகளை அடுக்கி வைக்கிற அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில், நல்ல உடையில் ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் கிண்ணம் இல்லை.

இந்த நேரத்தில் இது என் வேலையா என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நெட்டை பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள், அறைக்குள் போனாள், அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தாள், வழக்கம்போலப் பக்கத்தில் நின்றாள்.

பெண்மணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், வாசனை வந்ததும் நிறுத்திக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு நிமிர்ந்து வண்டியக்காவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அன்னைக்கும் நீதானேம்மா கொண்டு வந்த?”

வண்டியக்காவுக்கு முகங்கள் ஞாபகம் இருப்பதில்லை. எத்தனை வீடுகள்! வீடுகளின் பின்கட்டுகள்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கும். பெண்மணியே எடுத்துக் கொடுத்தாள். பின்னால் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும், அன்று ராத்திரி பகலாக அந்தச் சத்தம்தான் மண்டையில் விழுந்துகொண்டிருந்தது, திடீரென்று அது நின்றது என்றாள். அப்போது வண்டியக்காவுக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. குழாயின் வாயில் துணியைக் கட்டித் தொங்கவிட்டது அவளுடைய புருஷன். நீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் வாளிக்குள் இறங்கியது.

“எங்க வீட்டுக்காரர்தான் கட்டினாருங்க” என்றாள்.

“அந்தத் துணிய இன்னும் அவிழ்க்கல” என்றாள் அந்தப் பெண்மணி. அவள்தான் மாப்பிள்ளையின் அம்மா.

பிறகு அவள் பேசினாள். யாரிடமாவது பேச வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தவள் மாதிரி, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். “காலையிலேருந்து அவர் பேர ஒருத்தரும் எடுக்கலம்மா. நல்ல நாளும் அதுவுமா எடுக்கக் கூடாதாம். பெத்த பிள்ளைக்குக் கல்யாணம், அப்பான்னு ஒரு மனுஷன் இருந்தாரா இல்லையா? யாராவது ஒருத்தர் சொல்லுவாங்களான்னு பாத்துப் பாத்து, முடியாமதான் இங்க வந்து உக்காந்தேன்.”

ஆறுதல் சொல்வது வண்டியக்காவின் வழக்கம் இல்லை. இருந்தாலும் இப்போது ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை ஏன் கேட்கிறாய், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பந்தியிலும் யாருக்கோ துணைக்கு என்று உட்காருவார் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தையல்காரர், அவருக்குப் பின்னால் பாதி மண்டபம். “உனக்கு விஷயம் தெரியுமா? இந்தக் கல்யாணத்துக்குச் சமைச்சது யாருன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தவர், அவள் கண்ணையும் சிரிப்பையும் ஒன்றாகப் பார்த்துக் குழம்பி நின்றார்.

“தெரியும்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. “உங்க தம்பி செத்தப்ப எனக்குச் சோறு போட்டவங்க. அன்னைக்கு நீங்க மூணு தடவ வாங்கிக் குடிச்சீங்க. கிண்ணத்த எங்க வெச்சீங்க? போய்க் குடிங்க, ஆறிடப் போகுது.”

வண்டியக்கா பெரியப்பாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தம்பிக்கு இதென்றால் உயிர் என்று சொல்லித் தட்டை நீட்டுகிற ஆள், அந்த வீட்டில் இவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெரியப்பா மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அங்கே அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “அவன் இருந்திருந்தா இந்நேரம் அந்த அதிகாரியத் தூக்கிட்டு வந்திருப்பான்” என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அத்தை முறையில் ஒருத்தி, மாப்பிள்ளையின் அப்பா தன் சொந்தக் கல்யாணத்திலேயே பந்திக்கு முந்தியதைச் சொன்னாள். இன்னொருவர் அதைவிடப் பெரிய கதையை எடுத்தார். மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வாங்கிக் குடித்தான்.

வண்டியக்கா மெல்ல நழுவி வெளியே வந்தாள். மண்டபத்தில் பேச்சு மறுபடியும் எழும்பியிருந்தது. ஆனால் இது வேறு பேச்சு. வரிசை வரிசையாக அவரவர் வீட்டில் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். தன் தம்பியைப் பற்றிச் சொல்ல அவருக்கும் ஒரு ஆள் கிடைத்திருந்தார். வண்டியக்கா பின்பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காரணமே இல்லாமல், வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதிகாரி வந்து சேர்ந்தார், கையெழுத்தாயிற்று, பந்தி நடந்தது. கரண்டித் துணிகளைப் பிரித்துவிட்டார்கள். கேக்கை யாரும் சீண்டவில்லை. சூப் இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். பெரியப்பா எத்தனை முறை கேட்டார் என்பதை நெட்டை எண்ணி வைத்திருந்தான், அது நமக்கு எதற்கு?

அதன்பிறகு ஊரே மாறிவிட்டது என்றெல்லாம் இல்லை. இனிமேல் போனை எடுத்ததும் கலகலப்பாகப் பேச வேண்டும் என்று புருஷன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவளும் பழகினாள். அப்படிக் கலகலவென்று எடுத்த முதல் அழைப்பு, காலையில் அம்மாவைப் பறிகொடுத்த ஒருவருடையது. அவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது. தனக்குத் தெரிந்த குரலே போதும் என்று பழைய முறைக்கே திரும்பிவிட்டாள்.

ஆகையால், ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போன் அடித்ததும், திரையைப் பார்க்காமலேயே எடுத்து, “சொல்லுங்க, எப்ப எடுக்கறாங்க?” என்றாள்.

“அக்கா, நான்தான்.”

தங்கை. அவள் மடமடவென்று சொல்லிக்கொண்டு போனாள். மாமியார் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம், வந்ததிலிருந்து இதே பேச்சாம், உங்க அக்காவை ஏன் நம்ம வீட்டுக்குக் கூப்பிடுவதே இல்லை என்று கேட்கிறாளாம். “அவங்கதானே ஒரு மாதிரி நினைப்பாங்கன்னு சொன்னே?” என்று வண்டியக்கா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அவங்க ஒண்ணும் நினைக்கலக்கா. நான்தான் நினைச்சேன்.”

இதைச் சொல்லத் தங்கைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பேச முடியாமல் தடுமாறுகிறவர்களுக்கு உதவி செய்வதுதான் அவள் தொழில் ஆயிற்றே. பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருது இல்ல, எத்தனை பேருக்குச் சமைக்கணும் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு எண்ணிக்கை சொன்னாள். கேக் வேண்டும் என்றாள். சூப்பும் வேண்டும், மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

“சரி. மாமா பாத்திரத்தையெல்லாம் தெருமுனைலேருந்து தள்ளிட்டு வந்துடுவாரு. பின்வாசல மட்டும் தெறந்து வெய்யி.”

“எதுக்குக்கா தெருமுனை?” என்றாள் தங்கை. “வண்டிய நம்ம வாசல்லயே நிறுத்தச் சொல்லு.”

வண்டியக்கா சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வண்டியைக் கொஞ்சம் கழுவ வேண்டும் என்று புருஷனிடம் சொல்வதற்காக எழுந்து போனாள்.